பைசா செலவில்லாமல் மருத்துவ நூலகருக்கான ஆன்லைன் பயிற்சி: எதை முதலில், எதை அப்புறம்?

#1 ஏட்டுக்காரர்

வணக்கம். மருத்துவக் கல்லூரி நூலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கான கேள்வி. பிஜி மாணவர்கள் தீசிஸுக்குத் தேடித் தரச் சொல்கிறார்கள். துறையில் யாராவது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் முறையாகத் திரட்டும் மீளாய்வு) தொடங்கினால் சர்ச் ஸ்ட்ராட்டஜி (தேடல் வரிகளின் தொகுப்பு) கேட்டு நூலகத்துக்குத்தான் வருகிறார்கள். எம்.லிப். பாடத்தில் பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தரவுத்தளம்) ஓரிரு பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பயிற்சிக்கென்று நிர்வாகம் காசு ஒதுக்குவதில்லை.

இலவசப் படிப்பு என்று தேடினால் தொடுப்புகள் குவிகின்றன. எனக்குப் பட்டியல் வேண்டாம், வரிசை வேண்டும். எதை முதலில் படிப்பது? எதை விட்டுவிடலாம்? சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவுமா?

#2 மெஷ்மணி

முதலில் பப்மெட். அதிலும், அது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது. மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

அதை நடத்தும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமே (என்.எல்.எம்.) பயிற்சியும் தருகிறது. இரண்டு வாசல் உண்டு. ஒன்று, என்.எல்.எம். தளத்தில் இருக்கும் பப்மெட் பயிற்சிப் பக்கம்: சில நிமிடக் காணொளிகள், செய்து பார்க்கும் பாடங்கள்; கணக்கே தேவையில்லை. இன்னொன்று என்.என்.எல்.எம். என்ற அதன் வலையமைப்பு. இலவசக் கணக்கு தொடங்கினால் ஜூமில் நேரடி வகுப்பு, மூடுல் தளத்தில் நம் வேகத்துக்கு முடிக்கும் படிப்பு இரண்டும் உண்டு. அங்கே 'ஹவ் பப்மெட் வொர்க்ஸ்' என்ற தொடர் நூலகர்களை மனதில் வைத்தே செய்தது. மெஷ் (கட்டுரைகளுக்கு என்.எல்.எம். இடும் நிலையான பொருள் தலைப்புகள்) பற்றிய வகுப்பையும், தானாகச் சொல் பொருத்தும் முறை (ஏ.டி.எம்.) பற்றிய வகுப்பையும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

வகுப்பை ஓடவிட்டுக் கேட்டால் மட்டும் மனதில் நிற்காது. ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பெட்டியில் செய்து பார்க்க வேண்டும். (இங்கே தமிழில் எழுதுகிறேன், பெட்டியில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

மேற்கோள் குறி இல்லாமல் ஹார்ட் அட்டாக் என்று தேடுங்கள். அட்வான்ஸ்டு பக்கம் போய், ஹிஸ்டரியில் அந்த வரிக்கு நேரே உள்ள டீடெய்ல்ஸ் அம்புக்குறியைத் திறங்கள். அடித்தது இரண்டு சொல்தான். பப்மெட்டோ மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்ற மெஷ் தலைப்பு, அதே சொற்கள் எல்லாப் புலங்களிலும் (தலைப்பு, ஆசிரியர் மாதிரியான பகுதிகள்), ஹார்ட், அட்டாக் தனித்தனியாகவும் சேர்த்தும் என்று விரித்துத் தேடியிருக்கும். இப்போது அதே சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி டீடெய்ல்ஸ் பாருங்கள், மெஷ் போயிருக்கும். நட்சத்திரக் குறி (அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லையும் தேட) போட்டாலும், டைட்டில்-அப்ஸ்ட்ராக்ட் (தலைப்பு, கட்டுரைச் சுருக்கம்) என்று புலம் குறித்தாலும் இதே கதி. 'மேற்கோள் போட்டால் துல்லியம்' என்று நம்பிக்கொண்டு, மெஷ்ஷைத் தனியாகச் சேர்க்காமல் விடுவதுதான் மிகப் பரவலான தவறு.

நட்சத்திரக் குறிக்கு முன் குறைந்தது நான்கு எழுத்து இருக்க வேண்டும். ஆண்ட், ஆர், நாட் மூன்றும் பெரிய எழுத்தில். அடைப்புக்குறி இல்லாவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி எதற்கும் முன்னுரிமை கிடையாது. அ ஆர் ஆ ஆண்ட் இ என்று எழுதினால் முதலில் அ ஆர் ஆ, அப்புறம்தான் ஆண்ட் இ. வரிசையை மாற்றி எழுதினால் விடையும் மாறும்.

மேற்கோள் குறிக்குள் போட்ட தொடர் பப்மெட்டின் தொடர் அகராதியில் இல்லையென்றால், குறியை விட்டுவிட்டு சொற்களைப் பிரித்துத் தேடிவிடும். மேலே சின்னதாக ஒரு அறிவிப்பு வரும்; பலர் கவனிப்பதில்லை. இதற்கு மருந்து, 2022 கடைசியில் வந்த அருகாமைத் தேடல். தொடரை மேற்கோளில் போட்டு, சதுர அடைப்புக்குள் டி-ஐ-ஏ-பி (டைட்டில்-அப்ஸ்ட்ராக்டின் சுருக்கம்), முக்காற்புள்ளி, அலைக்குறி, ஓர் எண். எண் 3 என்றால் இடையில் மூன்று சொல் வரை இருக்கலாம். முன்பின் வரிசை பார்க்காது. 0 என்றால் ஒட்டியே வரவேண்டும். ஒரு கட்டுப்பாடு: அருகாமைத் தேடலோடு நட்சத்திரக் குறி சேராது. ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவும் கைக்கு வந்தபிறகு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ பக்கம் போகலாம். அதற்கு யேல் பல்கலைக்கழக மருத்துவ நூலகம் யூடியூபில் போட்டிருக்கும் 'சிஸ்டமேட்டிக் சர்ச்சஸ்' தொடரும், காக்ரேன் (மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் அமைப்பு) ஹேண்ட்புக்கின் 4ஆம் அத்தியாயமும் போதும். இரண்டும் இலவசம். அந்த அத்தியாயத்தை வரிக்கு வரி படியுங்கள். நேரம் ஒன்றுக்கு மட்டும்தான் என்றால் காணொளியை விடுங்கள், அத்தியாயத்தை விடாதீர்கள்.

#3 பழையஅட்டவணை

மணி சொன்னதில் ஒரு மாற்றுக்கருத்து. பப்மெட்டின் உள்வேலைக்கு முன்னால், கேள்வியை உடைக்கக் கற்க வேண்டும். யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு: இந்த நான்கையும் பிரிக்கத் தெரியாதவர் கையில் மெஷ்ஷைக் கொடுத்தால் நாலு கூறையும் ஆண்ட் போட்டுப் பூஜ்ஜியம் வாங்குவார். பெரும்பாலும் இரண்டு கூறு போதும், அபூர்வமாக மூன்று. விளைவைத் தேடலில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. அப்ஸ்ட்ராக்டில் எல்லா விளைவையும் யாரும் எழுதுவதில்லை.

இதற்கு இங்கிலாந்தின் என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நூலகர்கள் செய்த 'ஹவ் டு சர்ச் த லிட்ரேச்சர் எஃபெக்டிவ்லி' இருக்கிறது. ஏழு பாடம், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குள். எங்கே தேடுவது, அதிகம் வந்தால் எப்படிக் குறைப்பது, குறைவாக வந்தால் எப்படிக் கூட்டுவது, தலைப்புச் சொற்கள் (மெஷ் மாதிரியானவை) என்று போகும். 'இ-லேர்னிங் ஃபார் ஹெல்த்கேர்' தளத்தில் கிடைக்கும். இது மருத்துவர், செவிலியர், மாணவர் எல்லாருக்கும் சேர்த்துச் செய்தது. அதனால் நமக்குச் சில இடம் மேலோட்டமாகத் தெரியும். ஆனால் நாளைக்கு நீங்களே பிஜி மாணவர்களுக்கு வகுப்பெடுக்க அதைவிட நல்ல வடிவம் கிடைக்காது. முதல் வாரம் இது, அப்புறம் மணி சொன்னது.

#4 மெஷ்மணி

ஒப்புக்கொள்கிறேன். ஏழில் கடைசிப் பாடம் மட்டும் அங்குள்ள நூலகங்கள் வாங்கியிருக்கும் தரவுத்தளங்களைப் பற்றியது, வேகமாகத் தாண்டலாம்.

#5 தெற்குவாசல்

சான்றிதழ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடலாம்.

என்.என்.எல்.எம். வகுப்புகளுக்குக் கிடைப்பது அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கத்தின் (நம்மூர் எம்.எல்.ஏ. அல்ல, 1898இல் தொடங்கிய எம்.எல்.ஏ.) தொடர்கல்விப் புள்ளி. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் புள்ளி வராது. முடிவில் வரும் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினால்தான். பதிவைப் பார்த்துப் புள்ளி வாங்க முடிகிற வகுப்புகளுக்குக் காலக்கெடு உண்டு. முடித்த அன்றே நிரப்பி, பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு மதிப்பு, அந்தச் சங்கத்தின் ஏ.ஹெச்.ஐ.பி. என்ற நூலகர் தகுதிக்கும், பொதுமக்களுக்கான உடல்நலத் தகவல் சிறப்புத் தகுதிக்கும் கணக்கில் வருவதால். இரண்டாவதற்கு முதல் நிலை 12 புள்ளி, இரண்டாம் நிலை 24. நம் ஊரில் அதைக் கேட்பவர் யாரும் இல்லை.

இங்கே பதவி உயர்வுக்கு: யுஜிசி ஊதியத்தில் இருப்பவர்களுக்கு 2018 விதிமுறையில் நூலகர் பகுதியைப் படியுங்கள். மின்சான்றோடு முடித்த மூக் (யாரும் சேரக்கூடிய இணையவழி) படிப்புக்கு அதில் இடம் உண்டு. ஆனால் 'தொடர்புடைய பாடம்' என்று போட்டிருப்பதால் ஸ்வயம் (மத்திய அரசின் மூக் தளம்) சான்றைத் தேர்வுக் குழு மறுபேச்சின்றி எடுத்துக்கொள்ளும், அமெரிக்க வெபினார் சான்றுக்குக் கேள்வி கேட்கும். ஒரு மணி நேர வெபினார் பத்தைச் சேர்த்து ஒரு படிப்பு என்று காட்டவும் முடியாது. அரசு மருத்துவமனைப் பணி விதியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, துறை ஆணையைப் பார்க்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்றும் வேண்டும், பயனும் வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையப் படிப்புத் தளம்) வழியாக நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்'. சேர்வது இலவசம், சான்று வேண்டுமானால் நேரில் போய் எழுதும் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. இதே நிறுவனம் நடத்தும் 'பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச்' பிஜி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) கட்டாயமாக்கியது. உங்கள் நூலகத்துக்கு வருபவர்கள் எல்லாரும் அதைப் படித்தாக வேண்டியவர்கள். கோஹார்ட், கேஸ்-கன்ட்ரோல், சாம்பிள் சைஸ் என்று அவர்கள் பேசுவது புரியாமல் தேடல் செய்ய முடியாது. பப்மெட் வகுப்புகளோடு ஒரே சமயத்தில் இதையும் ஓட்டலாம்.

#6 நெறியாளர்

தொடுப்புகளை ஒட்டாமல் பெயரை மட்டும் எழுதுங்கள். வெளிநாட்டு அரசு நிதியில் ஓடும் பயிற்சிகளின் பக்கங்களும் அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய இழைகளில் பாதித் தொடுப்பு உடைந்து கிடக்கிறது.

#7 யாழ்வாசகி

இலங்கையில் இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வரிசை எங்களுக்கும் சரி, ஆனால் இடையில் ரிசேர்ச்4லைஃப் (வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தருகிற ஏற்பாடு) வரவேணும். அதில் ஐந்து திட்டம் இருக்குது: உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி (2002), விவசாயத்துக்கு அகோரா, சூழலுக்கு ஓ.ஏ.ஆர்.ஈ., தொழில்நுட்பத்துக்கு ஏ.ஆர்.டி.ஐ., சட்டத்துக்கு கோலி. இலங்கை தகுதி பெற்ற நாடு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனபடியால் இந்திய நண்பர்கள் ஹினாரியில் பதியப் போய் மினக்கெட வேண்டாம்.

பயிற்சிப் பக்கம் எல்லாருக்கும் திறந்துதான் இருக்குது. அதோடு ஐந்து வாரம் ஓடுகிற இலவச மூக் ஒன்றும் நடத்துகிறார்கள், முடித்தால் சான்றிதழ். வாரத்துக்கு வாரம் வினாக்கொத்து செய்ய வேணும். கடைசி நாளில் ஒரேயடியாய் முடிக்கலாம் என்று நினைத்தால் சரிவராது.

மருத்துவபீட நூலகத்தில் அடிக்கடி வருகிற பிரச்சினை, கடவுச்சொல். ஹினாரி கடவுச்சொல் நிறுவனத்துக்கு உரியது. மாணவர் வட்ஸ்அப்பில் பகிர்ந்து, வெளியாட்கள் ஒரேயடியாகக் கட்டுரைகளைத் தரவிறக்கினால் வெளியீட்டாளர் மொத்த நிறுவனத்தையும் நிறுத்தி வைக்கலாம். மற்றது, ஹினாரிக்குள்ளே உள்நுழைந்து அங்கிருந்து பப்மெட்டுக்குப் போகவேணும். நேரே பப்மெட்டைத் திறந்தால் முழுக் கட்டுரைக்கான ஹினாரி அடையாளம் தெரியாது. "ஹினாரி வேலை செய்யுதில்லை" என்று வைத்தியர்மார் சொல்லுகிறதில் பெரும்பகுதி இதுதான்.

#8 தெற்குவாசல்

நன்றி அக்கா. இந்தியப் பக்கத்துக்கு: 2025 ஜனவரி முதல் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' (அரசே சந்தா கட்டி ஆய்விதழ்களைத் திறந்துவிடும் திட்டம்) வந்துவிட்டது. 30 வெளியீட்டாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் கல்லூரி நூலகருக்கு இன்னும் திறந்தநிலை வழிகள்தான், அதாவது முழுக் கட்டுரையை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல், யூரோப் பிஎம்சி. காட்டுவதற்கு முழுக் கட்டுரை கையில் இருந்தால்தான் பயிற்சி வகுப்பும் எடுபடும்.

#9 ஏட்டுக்காரர்

எல்லாருக்கும் நன்றி. சோதனையாக ஒன்று செய்தேன். கேள்வி: குழந்தைகளில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து. 'ஸ்நேக் பைட் ஆன்டி வெனம் தெரபி இன் சில்ட்ரன்' என்று மேற்கோளில் போட்டு, ஹியூமன்ஸ், சைல்டு, கடைசி 10 ஆண்டு மூன்று ஃபில்டரும் போட்டேன். வந்ததில் பாதி தொடர்பில்லாதது. துறையில் வைத்திருக்கும் சில முக்கியக் கட்டுரைகள் வரவே இல்லை. எங்கே பிசகு?

#10 மெஷ்மணி

நல்ல உதாரணம், ஒரே தேடலில் நாலு பிசகு இருக்கிறது.

முதலாவது, அவ்வளவு நீளமான தொடர் அகராதியில் இருக்காது. பப்மெட் மேற்கோளை உதறிவிட்டுச் சொற்களைப் பிரித்துத் தேடியிருக்கும். தொடர்பில்லாதவை அங்கிருந்து வந்தவை.

இரண்டாவது, ஹியூமன்ஸ், சைல்டு இரண்டு ஃபில்டரும் மெஷ் தலைப்பை வைத்து ஓடுபவை. புதிதாக வந்து இன்னும் மெஷ் இடப்படாத கட்டுரையும், மெட்லைனில் (பப்மெட்டுக்குள் மெஷ் இடப்படும் தேர்ந்த இதழ்களின் பகுதி) சேராமல் பப்மெட் சென்ட்ரல் வழியே மட்டும் வந்த கட்டுரையும் இந்த ஃபில்டரில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இந்தியாவில் பாம்புக்கடி பற்றி எழுதும் இதழ்களில் கணிசமானவை இந்த இரண்டாம் வகை. விலங்கு ஆய்வை விலக்க வேண்டுமானால் ஹியூமன்ஸ் ஃபில்டரைத் தொடாமல், அனிமல்ஸ் மெஷ் நாட் ஹியூமன்ஸ் மெஷ் என்பதை அடைப்புக்குள் போட்டு அந்த மொத்தத்தையும் நாட் செய்யுங்கள். 'விலங்கு மட்டும்' என்று முத்திரை விழுந்தவை மட்டும் போகும். முத்திரையே இல்லாதவை தங்கிவிடும்.

இன்னொன்று: 2022 முதல் மெட்லைனில் மெஷ் இடுவது தானியங்கி நிரலின் வேலை, தேர்ந்தெடுத்த கட்டுரைகளை மட்டுமே மனிதர் சரிபார்க்கிறார்கள். ஆகவே மெஷ் விரைவாக வந்துவிடுகிறது, சரியாக வந்திருக்கிறதா என்பது வேறு. மெஷ்ஷும் சாதாரணச் சொல்லும் ஜோடியாகவே போகவேண்டும்.

மூன்றாவது, சொற்கள். பாம்புக்கடிக் கூறு: ஸ்நேக் பைட்ஸ் என்ற மெஷ்; அதோடு டைட்டில்-அப்ஸ்ட்ராக்டில் ஸ்நேக்பைட் சேர்த்தும் பிரித்தும் நட்சத்திரத்தோடு, ஸ்நேக் என்வெனம் நட்சத்திரத்தோடு (என்வெனமிங், என்வெனமேஷன் இரண்டும் புழக்கத்தில் உண்டு). மருந்துக் கூறு: ஆன்டிவெனின்ஸ் என்ற மெஷ், ஆன்டிவென் வரை அடித்து நட்சத்திரம், வெனம், வெனின் எல்லாம் சிக்கும், ஆன்டி வெனம் பிரித்து, ஆன்டி ஸ்நேக் வெனம் என்ற நம் நாட்டு வழக்கு, ஏஎஸ்வி என்ற சுருக்கம். ஏஎஸ்வியைத் தனியாகத் தேடினால் நுண்ணுயிர் மரபணு ஆய்வும் மூச்சுக்கருவியும் வந்து கொட்டும், அவற்றுக்கும் அதே சுருக்கம். பாம்புக்கடிக் கூறோடு ஆண்ட் செய்வதால் இங்கே பயமில்லை. தெரபி என்ற சொல்லைத் தூக்கி எறியுங்கள்.

நான்காவது, குழந்தைக் கூறு. இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் முதல் ஓட்டத்தில் அதைச் சேர்க்கவே வேண்டாம். எல்லா வயதினரையும் சேர்த்துச் செய்த ஆய்வில் குழந்தைகள் முடிவு உள்ளே அட்டவணையில் இருக்கும், அப்ஸ்ட்ராக்டில் இருக்காது. மொத்த எண்ணிக்கை கண்ணால் பார்த்துப் பிரிக்கத் தாங்கும் அளவு என்றால் அப்படியே விடுங்கள். தாங்காது என்றால் சைல்டு, இன்ஃபன்ட், அடலசன்ட் மெஷ் மூன்றும், சைல்டு நட்சத்திரத்தோடு, பீடியாட்ரிக் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் (அமெரிக்க, பிரிட்டிஷ்) நட்சத்திரத்தோடு.

கடைசியாக ஒரு சோதனை. இலவசப் படிப்பில் பலதும் இதைத் தொட்டுவிட்டுப் போய்விடும், நீங்கள் பழகியே ஆகவேண்டும். துறையில் வைத்திருக்கும் முக்கியக் கட்டுரைகளின் பப்மெட் எண்களை இடைவெளி விட்டுப் பெட்டியில் அடித்துத் தேடுங்கள். இது ஹிஸ்டரியில் முதல் வரி. உங்கள் ஸ்ட்ராட்டஜி இரண்டாம் வரி. முதல் வரி நாட் இரண்டாம் வரி என்று ஓட்டினால், எவையெல்லாம் தப்பின என்று வரும். பூஜ்ஜியம் வந்தால் நல்லது. வராவிட்டால் தப்பியதைத் திறந்து தலைப்பில் என்ன சொல், என்ன மெஷ், மெஷ் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். யேல் மெஷ் அனலைசர் என்ற இலவசக் கருவியில் 20 எண்கள் வரை கொடுத்தால் அவற்றின் மெஷ் தலைப்புகளைக் கட்டம் போட்டு அருகருகே காட்டும். எந்த மெஷ்ஷை விட்டோம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

ஸ்ட்ராட்டஜியை நோட்பேடில் எழுதுங்கள். வேர்டில் எழுதினால் மேற்கோள் குறி வளைந்துவிடும், சில தரவுத்தளங்கள் அதை ஏற்காது. பப்மெட் ஹிஸ்டரி எட்டு மணி நேரம் சும்மா இருந்தால் அழிந்துவிடும். மதியம் பாதியில் விட்டு மறுநாள் காலை தொடர முடியாது, மை என்சிபிஐ கணக்கில் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள்.

#11 யாழ்வாசகி

இந்தக் கேள்விக்கு பப்மெட்டோடு நிற்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இன்டெக்ஸ் மெடிக்கஸில் தென்கிழக்காசியப் பிரிவு ஒன்று (ஐ.எம்.எஸ்.ஈ.ஏ.ஆர்.) இருக்குது, இந்திய, இலங்கை இதழ்கள் அதில் வரும். பாம்புக்கடிக்கு அதைப் பாராமல் விட்டால் மீளாய்வு அரைகுறைதான். அங்கே தேடல் வசதி குறைவு, ஆனபடியால் நீள ஸ்ட்ராட்டஜியை ஒட்டாமல் இரண்டு மூன்று சொல்லைத் தனித்தனியாய்ப் போடுங்கோ. நடந்துகொண்டிருக்கிற ஆய்வுகளுக்கு இந்தியாவின் சிடிஆர்ஐ, எங்கட எஸ்.எல்.சி.டி.ஆர். என்ற ஆய்வுப் பதிவேடுகள் இரண்டையும் பாருங்கோ. இந்தியாவில் மருத்துவ ஆய்வை முன்பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம், அதற்கு முந்திய ஆய்வுகளை அங்கே தேடிக் கிடைக்காவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

#12 நிரல்பித்தன்

தேடலிலேயே நிற்கிறீர்கள். கல்லூரி நூலகத்தில் அடுத்து விழும் வேலை 'நம் கல்லூரி ஆசிரியர்களின் வெளியீடுகளைப் பட்டியலிடு' என்பது. இதற்கு லைப்ரரி கார்பென்ட்ரி (நூலகர்களுக்கான தரவுக் கையாளல்) பாடங்கள் முழுக்க இலவசம், வகுப்பு இல்லாமல் நாமே படிக்கலாம். நமக்கு ஓப்பன்ரிஃபைன் (தாறுமாறான தரவைச் சீராக்கும் மென்பொருள்) பாடம் ஒன்றே போதும் முதலுக்கு. ஒரே துறையை நாலு விதமாக எழுதியிருப்பதை 'கிளஸ்டர்' வசதியில் ஒன்றாக்கலாம். கிட், யூனிக்ஸ் பாடமெல்லாம் பிற்பாடு, அல்லது எப்போதும் இல்லை.

பப்மெட்டிலிருந்து எடுக்கும்போது இரண்டு கண்ணி. சிஎஸ்வியாக (அட்டவணைக் கோப்பாக) இறக்கினால் அதில் ஆசிரியரின் நிறுவன முகவரி வராது. எண், தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, டிஓஐ மாதிரியானவைதான். முகவரி வேண்டுமானால் 'பப்மெட்' வடிவத்தில் இறக்கி ஏடி என்ற புலத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது, 2014க்கு முந்திய பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே இருக்கும். முகவரியை வைத்து மட்டும் எண்ணினால் பழைய ஆண்டுகளில் கல்லூரியின் எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும், அது வளர்ச்சி இல்லை. 'பத்தாண்டில் மும்மடங்கு' என்று அறிக்கை தயாரிக்கும் முன் இதை நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு தேடலில் 10,000க்கு மேல் வந்தால் இறக்க முடியாது; ஆண்டுவாரியாகப் பிரியுங்கள்.

ஆய்வுத் தரவு மேலாண்மைக்கு இரண்டு: எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மன்ட்ரா, 2019இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி, சிம்மன்ஸ் பல்கலைக்கழகம் முதலியோர் சேர்ந்து நூலகர்களுக்கென்றே தொடங்கிய ஆர்டிஎம்எல்ஏ. பின்னது எல்சவியர் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் ஆதரவில் வந்தது என்பதை மனதில் வைத்துப் படிக்கலாம், பாடம் நன்றாகவே இருக்கிறது. அவசரமில்லை, இரண்டாம் ஆண்டு வேலை.

#13 ஏட்டுக்காரர்

ஆசிரியர்கள் 'இந்த இதழ் பப்மெட்டில் இருக்கிறது, பதவி உயர்வுக்குச் செல்லும்தானே' என்று கேட்கிறார்கள். இதற்குத் தனிப் படிப்பு உண்டா?

#14 பழையஅட்டவணை

படிப்பு வேண்டாம், என்.எல்.எம். கேட்டலாக் போதும். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் திறந்து, தற்போதைய இன்டெக்ஸிங் நிலை என்ற வரியைப் படிக்க வேண்டும். 'மெட்லைனில் தற்போது இன்டெக்ஸ் செய்யப்படுகிறது' என்று இருந்தால்தான் மெட்லைன். பப்மெட்டில் தேடினால் கட்டுரை வருகிறது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. பப்மெட் சென்ட்ரலில் இருக்கும் இதழும் வரும். நிதியுதவி நிறுவனத்தின் விதிப்படி எழுதியவரே ஏற்றிய ஒற்றைக் கட்டுரையும் வரும், இதழ் அதில் இல்லாமலேயே. பதவி உயர்வுத் தகுதி விதியில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல் என்று தனித்தனியாகப் போட்டிருப்பதால் நூலகர் எழுதிக் கொடுக்கும் குறிப்பிலும் தனித்தனியாகவே எழுதவேண்டும், பார்த்த தேதியோடு. இதழ் பிற்பாடு நீக்கப்படலாம். இதழ் நம்பகமானதா என்று பார்க்க உதவும் 'திங்க் செக் சப்மிட்' என்ற இலவசக் கேள்விப் பட்டியலை அச்சடித்துக் கவுன்டரில் வைத்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும்.

#15 தெற்குவாசல்

நேரக் கணக்கு ஒன்று, புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவது. அமெரிக்க வகுப்பு 'கிழக்கு நேரம் பிற்பகல் 2' என்றால் நமக்கும் இலங்கைக்கும் இரவு 11.30, இது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. மற்ற மாதங்களில் நள்ளிரவு 12.30, அதாவது அறிவிப்பில் இருக்கும் தேதிக்கு மறுநாள். இங்கிலாந்து வகுப்பு அங்கே பிற்பகல் 1 என்றால் கோடையில் மாலை 5.30, குளிரில் 6.30. ஐரோப்பா கடிகாரம் மாற்றும் ஞாயிறு வேறு என்பதால் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் குழம்பும். நேரில் வரமுடியாது என்று தெரிந்தாலும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் காணொளி அனுப்புவார்கள்.

#16 பழையஅட்டவணை

காக்ரேன் பக்கம் ஒரு எச்சரிக்கை. காக்ரேன் இன்டராக்டிவ் லேர்னிங்கில் முதல் மாட்யூல் மட்டும் எல்லாருக்கும் இலவசம். நமக்கு வேண்டிய தேடல் பற்றிய மூன்றாவது மாட்யூல் அப்படியல்ல. முழுதும் இலவசம் என்று பகிரப்படும் பட்டியல்களை நம்பாதீர்கள். 'எவிடென்ஸ் எசென்ஷியல்ஸ்' நான்கு மாட்யூலும் இலவசம்தான். அது நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்குமான அறிமுகம், ஒரு மாலையில் முடியும். அதைவிடப் பயன், காக்ரேன் தளத்தில் தமிழில் இருக்கும் எளிய சுருக்கங்கள். மருத்துவமனை நூலகத்தில் நோயாளியின் குடும்பத்தார் கேட்டு வந்தால் காட்ட இருக்கிறது.

#17 நிரல்பித்தன்

பல தரவுத்தளத்தில் தேடிய பிறகு டூப்ளிகேட் நீக்க: ஜோட்டேரோவில் (மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருள்) ஒவ்வொன்றாக மெர்ஜ் செய்வது சில நூறு வரைதான் தாங்கும். ஆயிரக்கணக்கில் என்றால் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் டெராவில் (முன்பு எஸ்ஆர்-ஆக்ஸிலரேட்டர்) டீடூப்ளிகேட்டர் இருக்கிறது. அங்கேயே பாலிகிளாட் என்று ஒன்று, பப்மெட் ஸ்ட்ராட்டஜியை மற்றத் தளங்களின் எழுத்துமுறைக்கு மாற்றும். மாற்றுவது குறிகளை மட்டும்தான். மெஷ்ஷை எம்பேஸ் தரவுத்தளத்தின் எம்ட்ரீ தலைப்பாக மாற்றாது, அதை நாம் கையால் தேடிப் போட வேண்டும். நீக்குவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிரிஸ்மா படத்துக்கு (எந்தக் கட்டத்தில் எத்தனை கட்டுரை கழிந்தது என்று மீளாய்வில் காட்டும் படம்) வேண்டும், பிற்பாடு கண்டுபிடிக்க வழியில்லை.

#18 மெஷ்மணி

ஏட்டுக்காரர், பாம்புக்கடி ஸ்ட்ராட்டஜியைத் திருத்தி எழுதியதும் இங்கேயே போடுங்கள், பிரெஸ் 2015 என்ற தேடல் சரிபார்ப்பு வழிகாட்டியின்படி பார்த்துச் சொல்கிறோம். ஆறே தலைப்பு: கேள்வி சரியாகத் தேடலாக மாறியிருக்கிறதா, இணைப்புக் குறிகள், தலைப்புச் சொற்கள், சாதாரணச் சொற்கள், எழுத்துப்பிழையும் வரி எண்ணும், ஃபில்டர்கள். இதைப் படித்துவிட்டு அடுத்தவர் ஸ்ட்ராட்டஜி ஒன்றைத் திருத்திப் பார்ப்பது எந்த வெபினாரைவிடவும் வேகமாகக் கற்றுத்தரும்.

போடும்போது வேண்டியவை: தரவுத்தளத்தின் பெயர், எந்தத் தளம் வழியாக, தேடிய தேதி, வரி எண்ணோடு முழு ஸ்ட்ராட்டஜி (ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஒட்டி ஓட்டிப் பார்க்க முடியாது), ஒவ்வொரு வரிக்கும் வந்த எண்ணிக்கை, போட்ட ஃபில்டர், சோதனைக்கு வைத்த கட்டுரைகளின் பப்மெட் எண்கள். பிரிஸ்மா-எஸ் (மீளாய்வில் தேடலை எப்படி எழுதிக்காட்டுவது என்ற வழிகாட்டி) கேட்கும் 16 அம்சங்களில் முக்கியமானவை இதிலேயே அடங்கிவிடும், கட்டுரை எழுதும்போது அப்படியே பிற்சேர்க்கையில் வைக்கலாம். டீடெய்ல்ஸில் விரியும் வடிவத்தை ஒட்டாதீர்கள், நீங்கள் அடித்ததை ஒட்டுங்கள்.